இளைப்பாறினவரின் மருந்துச் செலவு எந்தத் தலைப்பில் வரும்?

நவம்பர் மழையோடு எங்கள் கந்தோரில் பாதீட்டு வேலையும் தொடங்கிவிடும். வன்னியிலுள்ள பிரதேச சபை ஒன்றின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். வரைவுப் புத்தகம் உறுப்பினர்களின் கைக்குப் போனதும் அவர்கள் முதலில் புரட்டுவது வீதி, மதகு, வீதிவிளக்குப் பக்கங்களைத்தான். தங்கள் வட்டாரத்துக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. ஆளணிச் செலவுப் பக்கத்தில் ஒருவரும் நிற்பதில்லை. "அது சம்பளம்தானே தங்கச்சி, வழமையா வாறதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

போன வருடம் அந்த அமளிக்குள்தான் எங்கள் பழைய பவுசர் சாரதி ஐயா வந்தார். ஆவணி, புரட்டாதியில் கிணறுகள் வற்றும்போது ஊர் ஊராகத் தண்ணீர் கொண்டு ஓடியவர். இளைப்பாறி நாலைந்து வருடம் இருக்கும். நனைந்த சொப்பிங் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் வைத்தார். யாழ்ப்பாணத்துத் தனியார் வைத்தியசாலையொன்றில் இருதயக் குழாய்களைப் பார்க்கிற அஞ்சியோகிராம் செய்த பற்றுச்சீட்டு, பார்மசிச் சிட்டைகள் ஏழெட்டு, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வான்காரர் எழுதிக் கொடுத்த கூலிக் கணக்கு.

"பிள்ளை, இவ்வளவு காலம் சபைக்கு ஓடினனான். இதுக்கு உங்கட புத்தகத்தில ஒரு தலைப்பும் இல்லையோ?"

அவருக்கு முன்னாலேயே புத்தகத்தைப் புரட்டினேன். பவுசரின் டயருக்கு ஒதுக்கீடு இருந்தது. சேவிஸுக்கு இருந்தது. பவுசரின் காப்புறுதிக்கும் இருந்தது.

அன்று அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நகரமோ சபையோ தன் ஊழியருக்கும் இளைப்பாறினவருக்கும் வைத்தியச் செலவு தருவதாகச் சொன்னால் அதற்கு எப்படிக் கணக்கு வைப்பது, வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் விஷயம். கணக்கியல் படித்திருக்கத் தேவையில்லை. கடையில் கொப்பிக்கு, அதாவது கடனாகக் கொப்பியில் எழுதிவிட்டு, சாமான் வாங்கிய அனுபவம் இருந்தால் போதும்.

கொப்பிக் கணக்கு

வேலையில் இருக்கிற ஊழியரின் செலவு விளங்குவதற்கு லேசு. இந்த வருடம் இத்தனை பேர், ஆளுக்கு இவ்வளவு காப்புறுதிக் கட்டணம், பெருக்கினால் தொகை வந்துவிடும். ஒரு பங்கை ஊழியரின் சம்பளத்தில் கழிப்பார்கள், மிச்சத்தை வேலை கொடுத்தவர் கட்டுவார். வெளிநாட்டுப் பெரிய நகரங்கள் பல காப்புறுதிக் கொம்பனிக்குக் கட்டணம் கட்டாமல் வைத்தியசாலைப் பில்லைத் தாங்களே கட்டுகின்றன. ஒருவருக்கு அளவுக்கு மீறிச் செலவு வந்தால் மட்டும் கைகொடுக்க மேலதிகக் காப்புறுதி ஒன்றை எடுத்து வைத்திருக்கும். ஆயிரக்கணக்கான ஊழியர் இருந்தால் இது இலாபம். நூறு பேர் உள்ள சபை இந்த விளையாட்டுக்கே போகக் கூடாது. ஒரே வருடத்தில் மூன்று பேருக்கு இருதய ஒப்பரேஷன் வந்தால் அந்த வருடம் வீதிக்குக் கிரவல் போடக் காசு இருக்காது.

இளைப்பாறினவரின் செலவில்தான் சிக்கல் இருக்கிறது. சாரதி ஐயா 2005 இல் பவுசர் ஓட்டினார். அந்த ஓட்டத்துக்கான கூலி சம்பளமாக அந்த மாதமே கொடுத்து முடிந்தது. "இளைப்பாறின பிறகு உன்ர வைத்தியத்தையும் பார்ப்பம்" என்று அன்றைக்கு ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தால், அதுவும் அதே ஓட்டத்துக்கான கூலிதான். கொடுக்க வேண்டிய நாள் மட்டும் 2025 இல் இருக்கிறது. அதாவது 2005 இல் சபை அவரிடம் உழைப்பைக் கொப்பிக்கு வாங்கியிருக்கிறது.

கொப்பிக்குச் சாமான் வாங்கிவிட்டு, கையிலிருந்து காசு போகவில்லை, ஆகவே இந்த மாதம் எனக்குச் செலவே இல்லை என்று ஒருவர் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். உலகில் மிகப் பெரிய நகரங்கள் பல நெடுங்காலம் அப்படித்தான் கணக்கெழுதின. அந்தந்த வருடத்துப் பில்லை அந்தந்த வருடத்து வருமானத்தில் கட்டுவது, வரப்போகும் பில்லைப் பற்றி மூச்சே விடாமலிருப்பது. ஆரம்பத்தில் இளைப்பாறினவர்கள் கொஞ்சப் பேர் என்பதால் ஒன்றும் உறைக்காது. அரசியல்வாதிக்கும் இது வசதி. சம்பளத்தைக் கூட்டினால் இந்த வருடமே காசு வேண்டும். இளைப்பாறின பிறகு வைத்திய வசதி என்று வாக்குக் கொடுத்தால் தொழிற்சங்கத்தின் கைதட்டல் இன்றைக்கு, பில் இருபது வருடம் கழித்து. எங்கள் சபைகளின் பதவிக்காலம் நாலு வருடம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சிறுபோகக் கூட்டம்

மாற்று வழி வன்னியில் இருக்கிறவர்களுக்குப் புதிதே இல்லை. பெரும்போகத்துக்கு வானம் துணை. சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கிற தண்ணீர்தான். கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி. அது நிரம்பிக் கிடக்கிற வருடத்திலும் எல்லாரும் வாய்க்காலைத் திறந்துவிட்டு விதைக்கத் தொடங்குவதில்லை. முதலில் கூட்டம். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, வெயிலில் எவ்வளவு போகும், அடியில் எவ்வளவு விட வேண்டும் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்வார். மிச்சத்துக்கு எத்தனை ஏக்கர், யாருக்கு எத்தனை பங்கு என்று பிறகுதான் தீர்மானம். சத்தம் போடுவோம், கோபித்துக்கொண்டு வெளியே போவோம். ஆனால் "எல்லாத்தையும் விதைச்சுப்போட்டுப் பாப்பம்" என்று எழும்பிச் சொல்ல எவருக்கும் துணிவு வராது. ஆடியில் கதிர் கருகுவதைக் கண்டிருக்கிறோம்.

இளைப்பாறினவரின் வைத்தியத்துக்கு முன்கூட்டிக் கணக்குப் போடுவதும் இப்படி ஒரு சிறுபோகக் கூட்டம்தான். பொறியியலாளரின் இடத்தில் காப்புறுதிக் கணிப்பாளர் இருப்பார். ஊழியர்களின் வயது என்ன, எப்போது இளைப்பாறுவார்கள், சராசரியாக எத்தனை வயது வரை இருப்பார்கள், வைத்தியச் செலவு வருடம் எவ்வளவால் ஏறும், போட்டு வைக்கிற காசுக்கு என்ன வட்டி கிடைக்கும் என்று பார்த்து, கொடுத்த வாக்குகள் எல்லாவற்றின் இன்றைய பெறுமதியையும் ஒரு தொகையாகச் சொல்வார். அது விதைக்க நினைக்கிற ஏக்கர். ஒதுக்கி வைத்திருக்கிற காசு குளத்துத் தண்ணீர். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கவலைப்பட வேண்டிய இலக்கம்.

ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளிவாகாத நீண்டகாலச் சிறுநீரக நோய் இருக்கிறது. டயலிசிஸ் தொடங்கினால் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை என்று ஆயுளுக்கும் ஓட வேண்டும். கொழும்பு சராசரியை வைத்து வன்னிக்குக் கணக்குப் போட்டால் பிழைக்கும்.

ஒரு சபையை வைத்துக்கொள்வோம்

கற்பனைச் சபை ஒன்று. சொந்த வருமானம் வருடம் 2 கோடி ரூபாய்: சோலைவரி, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம் எல்லாம் சேர்த்து. வேலையில் 100 பேர், இளைப்பாறினவர் 10 பேர். ஆளுக்கு வருடம் 20,000 ரூபாய் வைத்தியச் செலவு. வேலையில் இருப்பவர்களுக்கு 20 இலட்சம், இளைப்பாறினவர்களுக்கு 2 இலட்சம், மொத்தம் 22 இலட்சம். வருமானத்தில் நூற்றுக்குப் பதினொன்று. சமாளிக்கலாம்.

இப்போது இருபது வருடம் தள்ளிப் பாருங்கள். வைத்தியச் செலவு வருடம் 10 சதவீதம் ஏறுகிறது, சபை வருமானம் 6 சதவீதம் ஏறுகிறது என்று வைப்போம். ஆளுக்கு 20,000 ஆக இருந்தது 134,550 ரூபாயாகிவிடும். வேலையில் இருப்பவர்கள் அதே 100 பேர்தான். இளைப்பாறினவர்கள் 60 பேராகியிருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் 80 இலட்சத்துக்கு மேல், இரண்டு பகுதியும் சேர்ந்தால் இரண்டேகால் கோடிக்குச் சற்றுக் குறைவு. வருமானமோ 6 கோடி 41 இலட்சம் அளவில் நிற்கும். பதினொன்றாக இருந்த சதவீதம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. இதற்கிடையில் ஒருவரும் களவெடுக்கவில்லை, ஒரு வாக்குறுதியும் புதிதாகக் கொடுக்கவில்லை. 4 சதவீத வித்தியாசமும் தலைமயிர் நரைப்பதும்தான் நடந்திருக்கிறது.

இப்போதே போட்டு வைத்தால்? இருபது வருடம் கழித்து வரப்போகும் அந்த 134,550 ரூபாய்க்கு, 8 சதவீத வட்டி கிடைக்குமானால் இன்றைக்குச் சுமார் 28,900 ரூபாய் போட்டால் போதும். 5 சதவீதம்தான் கிடைக்கும் என்றால் 50,700 வேண்டும். வாக்குறுதி ஒன்றே, ஆளும் ஒருவரே. வட்டி பற்றிய நம்பிக்கை மாறியதும் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்கச் சொல்வேன். கடனைச் சின்னதாகக் காட்ட விரும்பும் நகரபிதா ஒருவர் ஒரு சதத்தையும் ஒதுக்கத் தேவையில்லை. நல்ல வட்டி வரும் என்று எழுதினால் முடிந்தது. கணிப்பு அறிக்கை எது கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது அந்த வட்டி வீதத்தைத்தான்.

10 சதவீத ஏற்றம் என்று நான் எழுதியதும் ஒரு நம்பிக்கைதான். 2022 செப்டெம்பரில் எங்கள் நாட்டின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது. அந்த வருடம் எந்தக் கணிப்பாளரின் தாளும் நிலைத்திருக்காது.

தண்ணீர் இல்லாமல் விதைத்தவர்கள்

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை பெரிதாக வெடித்ததற்குக் காரணம், அங்கே பெரும்பாலானவர்களின் வைத்தியக் காப்புறுதி வேலை கொடுப்பவர் ஊடாக வருகிறது. 65 வயதானால் மெடிகெயார் என்ற மத்திய அரசின் திட்டம் ஏற்றுக்கொள்ளும். அதற்கான சட்டம் 1965 இல் வந்தது. ஆனால் பொலிஸ்காரரும் தீயணைப்பு வீரரும் ஐம்பதைத் தாண்டியதும் இளைப்பாறிவிடலாம். அங்கிருந்து 65 வரை முழுச் செலவும் நகரத்தின் தலையில் விழும். நகரம் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கிற பொலிஸ்காரருக்கும், அவருடைய இடத்தில் முன்பு இருந்தவருக்கும், சில வேளை அவருக்கும் முன்பிருந்தவருக்கும் காப்புறுதி கட்டிக்கொண்டிருக்கும்.

கலிபோர்னியாவில் ஸ்ரொக்ரன் என்ற நகரம் இளைப்பாறினவர்களுக்குத் தாராளமாக வாக்குக் கொடுத்தது. வீட்டு விலைகள் ஏறிய காலத்தில் வரி வருமானம் பெருகியது, பிறகு விலைகள் விழுந்தன, வருமானமும் விழுந்தது. 2012 ஜூனில் நகரம் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. இளைப்பாறினவர்களின் வைத்தியத்துக்கென்று கொடுத்த வாக்குகளின் பெறுமதி சுமார் 54 கோடி டொலர். முடிவில் அதற்காக அவர்களுக்குக் கிடைத்தது 51 இலட்சம் டொலர். நூறு டொலருக்கு ஒரு டொலர் கூட முழுதாக இல்லை.

அடுத்த வருடம் ஜூலையில் மிச்சிகன் மாநிலத்து டெட்ரொயிற் நகரமும் வங்குரோத்துக்குப் போனது. மொத்தக் கடன் சுமார் 18 பில்லியன் டொலர் என்றார்கள், அதில் 5.7 பில்லியன் இளைப்பாறினவர்களின் வைத்தியச் செலவு. ஓய்வூதியத்துக்கு மிச்சிகன் மாநில அரசியலமைப்பில் பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது, வைத்திய வசதிக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே வழக்கு முடிந்தபோது சாதாரண ஊழியரின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டினார்கள், வைத்திய வசதியில் மிகப் பெரும்பகுதியை வெட்டி, மிச்சப் பொறுப்பை இரண்டு நம்பிக்கை நிதியங்களிடம் கொடுத்துவிட்டு நகரம் கையைக் கழுவியது. ஒரே ஊழியர், ஒரே நகரம், இரண்டு வாக்குறுதி. சட்டத்தில் எழுதப்பட்டதும் ஓரளவு காசு சேர்த்து வைக்கப்பட்டதும் தப்பியது. வாயால் சொன்னதோடு நின்றது போனது.

இப்படிக் கடனை மறைத்து வைக்க முடியாதபடி அங்கே கணக்கீட்டு நியமங்கள் வந்தன. 2004 இல் வந்த 45 ஆம் இலக்க நியமம் இந்தத் தொகையைக் கணித்து வெளியே சொல்ல வைத்தது. 2015 இல் அதன் இடத்துக்கு வந்த 75 ஆம் இலக்கம், சேர்த்து வைக்காத பகுதி முழுவதையும் ஐந்தொகையிலேயே கடனாகக் காட்ட வேண்டும் என்றது. நியமம் காசைக் கொண்டுவராது. கொப்பியை மேசைக்கு மேலே வைக்கச் சொல்லும், அவ்வளவுதான். அதுவே நகரசபைக் கூட்டங்களில் பெரிய சண்டைகளைக் கிளப்பப் போதுமாக இருந்தது.

எங்கள் புத்தகம் ஏன் வெறுமையாக இருக்கிறது

சரி, சாரதி ஐயாவிடம் வருவோம். அவருக்கு ஓய்வூதியம் இருக்கிறது, அது சபையின் சொந்த வருமானத்திலிருந்து போவதில்லை. நிரந்தர ஊழியரின் சம்பளத்திலும் பெரும்பகுதி மாகாண சபை ஊடாக மீளளிப்பாக வந்துவிடும். வைத்தியம் அரச வைத்தியசாலையில் இலவசம். அதற்கு மேலே அரச ஊழியருக்கான அக்ரஹார வைத்தியக் காப்புறுதி. இதை நடத்துகிற தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. நீண்ட காலம் ஊழியரின் சம்பளத்தில் மாதம் 125 ரூபாய் கழித்தார்கள். பிறகு கூடக் கட்டினால் கூடக் கிடைக்கும் வெள்ளி, தங்கம் என்ற படிகள் வந்தன, ஓய்வூதியரையும் சேர்க்கிற ஏற்பாடும் வந்தது. ஐயாவின் பற்றுச்சீட்டுகளை அந்த வழியில்தான் அனுப்பினோம். பில்லில் ஒரு பங்கு வந்தது. கலண்டர்த் தாளில் எழுதிய வான் கூலிக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

அந்த வான் கூலியைத்தான் வன்னியின் மறைமுகச் செலவு என்பேன். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மாவட்ட வைத்தியசாலைகள் இருக்கின்றன, நல்ல வைத்தியர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நெஞ்சுக்குள் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைப் பக்கம் ஓடுவதுதான் இங்கே பலருக்கும் வழமை. அங்கே வரிசை நீளமென்றால் தனியார். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒருவர் போய்வரும் செலவை எந்தக் காப்புறுதியும் எண்ணுவதில்லை. பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு எழுதலாம். இப்போது அதற்குக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம்.

ஆக, எங்கள் சபைப் பாதீட்டில் இந்தத் தலைப்பு இல்லாததற்குக் காரணம் செலவு இல்லாமையல்ல. ஒரு பகுதியைத் திறைசேரி சுமக்கிறது, இன்னொரு பகுதியைக் குடும்பம் சுமக்கிறது. 2022 டிசம்பர் 31 அன்று, அரச சேவையில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே நாளில் இளைப்பாறினார்கள். நாடு முழுக்க அத்தனை பேர் ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்கு ஒரே இரவில் மாறினார்கள். எங்கள் புத்தகத்தில் அதனால் ஒரு வரிகூட அசையவில்லை.

அசைய வேண்டியது வேறொரு இடத்தில் இருக்கிறது. அமைய ஊழியர்கள், அதாவது நிரந்தர நியமனம் இல்லாதவர்கள். காலையில் சந்தை கூட்டுகிறவர்கள், குப்பை உழவு இயந்திரத்தின் பின்னால் நிற்கிறவர்கள், நூலகத்தில் தற்காலிகமாக என்று சேர்ந்து பத்து வருடமானவர்கள். இவர்களின் கூலி சபையின் சொந்தக் காசு. ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்களிடம் 8 சதவீதம் கழித்துச் சபை 12 சதவீதம் போடும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3. நம்பிக்கை நிதியத்தில் இருதய சத்திரசிகிச்சைக்கும் கண்வில்லைக்கும் உதவி உண்டு, ஆனால் அது வேலையில் இருந்து நிதி கட்டப்படும் காலத்துக்குரியது. கையுறை இல்லாமல் இருபது வருடம் குப்பை அள்ளியவருக்கு நெஞ்சுச் சளியும் முதுகுவலியும் முற்றுவது வேலை முடிந்த பிறகுதான். ஸ்ரொக்ரன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. நாங்கள் வாக்கே கொடுக்கவில்லை, அதனால் எங்கள் கணக்குச் சுத்தமாகத் தெரிகிறது. இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் முடிவெடுக்க முடியவில்லை.

சின்னச் சபை என்ன செய்யலாம்? முழுக் காப்புறுதியைத் தனியாக ஏற்பது எங்களுக்குத் தாங்காது, மேலே சொன்ன அதே காரணம்தான். பல சபைகள் சேர்ந்தால் ஆள் தொகை கூடும், பேரம் பேசலாம். அதுவும் இல்லையென்றால், வருடாவருடம் சந்தைக் குத்தகையில் ஒரு சிறு சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அமைய ஊழியர் விலகும்போது மருந்துக்கும் பயணத்துக்கும் கொடுக்கலாம். சபை அனுமதி வேண்டும், கணக்காய்வுக்காரர் கேள்வி கேட்பார், விதி எழுத வேண்டும். முடியாத காரியம் இல்லை. முதலில் வேண்டியது ஆட்களின் வயதுப் பட்டியல். இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர் என்று காட்டுகிற அடிக்கம்பம் மாதிரி அது.

இந்த வருடம் என் பிரதியில் ஆளணிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு நிரல் கீறினேன். ஒவ்வொரு அமைய ஊழியரின் பெயருக்கு நேரே அறுபது வயதாகும் வருடம். சந்தை கூட்டுகிற அக்காவுக்கு எந்த வருடம் எழுதுவதென்று தெரியவில்லை. அவருடைய பிறப்புச் சான்றிதழ் 2009 இல் கடைசி யுத்தத்துக்குள் மாத்தளன் பக்கம் எங்கோ போய்விட்டது. பிரதி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.